போர்வைக்குள் ஒரு கர்ப்பப்பை

செவ்வாய்க்கிழமையானால் தவளக்குப்பம் முனையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "செலியமேடு, சாமி வூடு" என்றுதான் கூவுவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் கூவி நான் கேட்டதில்லை.

சாமி என்றால் சாமிக்கண்ணு. கரும்புக் கொல்லை ஓரம் தகரக் கொட்டகை, மைக், வரிசைக்கு மூங்கில் தடுப்பு. வயதுக்கு வந்த பெண்களின் வயிற்றுவலி, உதிரப்போக்கு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே நோய், காட்டேரி. ஒரே மருந்து, எலுமிச்சம்பழம். அதை அவர் மச்சான் கடையில் வாங்கினால்தான் பலிக்கும். காட்டேரிக்குக் கடை தெரியும்.

பெண்ணைத் தலை முதல் கால் வரை சிவப்புப் போர்வையால் மூட வேண்டும். அவள் வாயைத் திறக்கக் கூடாது. கூட வந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சாமி பழத்தைச் சுற்றி அறுப்பார். உள்ளே ரத்தச் சிவப்பு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

என் தங்கை மகாலட்சுமிக்கு அந்த விதி சிரமமாக இருந்திருக்காது. அவள் ஏற்கெனவே பேசாமல்தான் இருந்தாள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது ஆசிரியர், "இத வூட்ல படிச்சிக்கோங்க" என்று பக்கங்களைத் தள்ளிவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. நிற்காமல் போகும் உதிரத்தை யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வது? அம்மாவுக்குத் தெரிந்ததும் போர்வையோடு கிளம்பினார். மூலக்குளத்தில் குடியிருந்த எனக்குச் செய்தி எட்டியபோது அவள் வெளுத்துக் கிடந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் பிழைக்கவில்லை. காட்டேரி கொண்டுபோய்விட்டது என்றார் சாமிக்கண்ணு. அவர் வாக்கு பலித்துவிட்டதாக ஊரில் மெச்சிக்கொண்டார்கள்.

மறு வருஷம் அம்மாவின் பக்கத்து வீட்டு ஜெயசுதாவுக்கு அதே போக்கு, அதே வெளுப்பு. அவள் அம்மா கனகாம்பாளிடம் ஆஸ்பத்திரி என்றேன்.

"மொதல்ல சாமி பாக்கட்டும்டி. அப்பறம் பாத்துக்கலாம்."

நானும் போனேன். வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றேன். என் பக்கத்தில் போர்வைக்குள் குனிந்து நின்றவர் என் வீட்டுக்காரர் செல்லப்பன். கரும்பு லாரி ஓட்டுகிறவர்.

"யாரு இது?"

"என் தங்கச்சி சாமி."

"மாசாமாசம் தூரம் வருதா?"

"வந்ததே இல்ல சாமி."

அதில் பொய் இல்லை.

பழம் அறுபட்டது. சிவப்பு. "கர்ப்பப்பையில குந்திக்கினு இருக்குது" என்றார் சாமி மைக்கில்.

செல்லப்பன் போர்வையை விலக்கி மீசையை நீவிக்கொண்டார். "யாரு கர்ப்பப்பையில சாமி?"

"காட்டேரி ஆம்பளையையும் புடிக்கும்பா."

"புடிக்கட்டும். இல்லாத எடத்துல எப்படி குந்துச்சி?"

அதே கடைப் பழம் இன்னொன்றை நான் எங்கள் வீட்டுக் கத்தியால் அறுத்தேன். சாதாரண எலுமிச்சம்பழம். சாமியின் கத்தியில் செம்பருத்திச் சாறு காய்ந்திருந்தது; புளிப்பு பட்டால் அது ரத்தமாகச் சிவக்கும். எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது.

அப்போது பின்னாலிருந்த போர்வை பேசியது.

"அம்மா, எனக்குக் காட்டேரி இல்ல. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. ரோடு வரை கேட்டது.

"மைக்குல இன்னாடி பேச்சு இது" என்று திட்டிக்கொண்டேதான் கனகாம்பாள் ஆட்டோ ஏறினார். ஜெயசுதாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

அந்தப் பாடத்தை நடத்துங்கள் என்று மகாலட்சுமி படித்த பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "வயசுப் புள்ளைங்க காதுல போடற பேச்சா இது?" என்று ஒருவர் எழுந்தார். கொட்டகையில் கர்ப்பப்பை என்று மைக்கில் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்தான்.

சாமிக்கண்ணு மைக்கில் சொன்னால் அருள்வாக்கு. ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் ஆபாசம். அந்தச் சிவப்புப் போர்வை இப்போது யார் தலைமேல் கிடக்கிறது என்று கொஞ்சம் தடவிப் பாருங்கள்.