முள் நிறைகிற பக்கம் சாய்ந்தது

"சம்மாந்துறை மாப்பிள்ளையை நானே கார் ஓட்டிப் போய்க் கூட்டி வருவேன்."

வெள்ளிக்கிழமை காலைத் தேநீரைக் குடித்து முடித்ததும் இப்படி அறிவித்தேன். என் மனைவி றம்ஸியாவின் தங்கை நதீராவுக்கு அன்று அந்திக்கு நிக்காஹ்.

"எங்கட காக்காட கார் போகட்டுமே. நீங்க கடைசியா ஓட்டக்குள்ள வேலி சரிஞ்சதே," என்றாள் றம்ஸியா. காக்கா என்றால் அவளுடைய அண்ணன் அபுல் ஹஸன்.

"மூத்த மருமகன் நான் இரிக்கக்குள்ள அவர் என்னத்துக்கு?"

"நீங்க இரிக்கிறீங்க. கார்ல பற்றரி இரிக்கா?"

பற்றரி இருந்தது. உயிர்தான் இல்லை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு றம்ஸியாவின் சீதனம். கிணறும் தென்னையும் அவளுடையவை. கொட்டிலில் நின்ற பழைய ஒஸ்டின் காரும் அவளுடைய வாப்பா கொடுத்தது. அந்த வளவுக்குள் என் பெயரில் இருந்தது என் பெயர் மட்டுமே. ஒரு நாளாவது ஊர் பார்க்க, பூச்சோடித்த காரில், பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு வந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை என்பதால் கராஜ் பூட்டு. அதனால் என்ன? வயல் உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிவந்தேன். உழவு இயந்திரத்தைப் பத்துப் போகமாகக் கட்டி மேய்ப்பவன் நான். அதில் மைனஸ் வயரை வண்டியின் இரும்பு உடம்போடு பூட்டுவார்கள். காரும் இரும்புதானே? அப்படியே பூட்டினேன்.

பற்றரியில் வயர் பூட்டும் கொம்புகளில் ஒன்று பருமன், மற்றது மெலிவு. பருமன் கொம்புக்கு வந்த வயரின் வளையமோ சின்னது. சுத்தியலால் நாலு போட்டுச் சம்மதிக்க வைத்தேன். மெலிந்த கொம்பில் பெரிய வளையம் லொடலொடவென்று ஆடியது. தகரத்துண்டு செருகினேன்.

றம்ஸியா பலகாரத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் விருப்பமில்லாத கலியாணம் போல கிடக்கே?"

"பூட்டினாப் பொறகு சரிவரும்."

"ஓம் ஓம். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க."

சாவியைத் திருப்பினேன். கார் ஒரே இழுவையில் உறுமியது! ஹோர்ன் அடித்தேன். பக்கத்து வளவுக் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. ரேடியோவைத் திருகினேன். பாட்டு வரவில்லை, புகை வந்தது.

"என்ன, ரேடியோ பீடி குடிக்குது?"

"பழைய ரேடியோ புள்ள. தூசி எரியுது."

எஞ்சினை நிறுத்திவிட்டு லைட்டைப் போட்டேன். பற்றரி நிறைகிறதா, குறைகிறதா என்று காட்டும் முள் ஒன்று அந்தக் காரில் உண்டு. முள் துள்ளிக்கொண்டு நிறைகிற பக்கம் சாய்ந்தது.

றம்ஸியா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எஞ்சின் ஓடல்ல. லைட் எரியிது. ஆனா பற்றரி நிறையிதாம். அதெப்படி?"

எனக்கும் தெரியாது. ஆனால் மனைவி கேட்கும்போது தெரியாது என்று சொல்ல நான் பழகியிருக்கவில்லை.

"அதுதான் என்ட கைவாசி. மின்சாரம் போய்ச் சுத்தித் திரும்பி வருது."

"அல்லாஹ்! லைட் எரிய எரிய நிறையுமா?"

"நிறையாம?"

"அப்ப அணைக்காதீங்க. நீங்க ஜும்ஆவுக்குப் போய்ட்டு வாற வரைக்கும் எல்லா லைட்டும் எரியட்டும். மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாற நேரம் பற்றரி பொங்கி வழியுமே!"

சொன்ன வாயை எப்படி மூடுவது?

"எரியட்டும்," என்றேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, நெய்ச்சோறு தின்று, கொஞ்சம் கண்ணயர்ந்து, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு புதுச் சாரனும் தொப்பியுமாகக் காரில் ஏறினேன். லைட்டுகள் மின்மினிப் பூச்சிபோல் மங்கிக் கிடந்தன. முள் நடுவில் படுத்திருந்தது. சாவியைத் திருப்பினேன்.

"டிக்."

மறுபடியும் திருப்பினேன். அந்த "டிக்"கும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் படலையடியில் ஒரு கார் வந்து நின்றது. கழுவித் துடைத்து, மல்லிகைச் சரம் கட்டிய கார். உள்ளே அபுல் ஹஸன்.

"வாங்க மச்சான், பின்னுக்கு ஏறுங்க! நேரம் போகுது!"

நான் றம்ஸியாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இவர ஆரு வரச் சொன்ன?"

"நான்தான். நீங்க சுத்தியலால அடிக்கக்குள்ளேயே ஆளனுப்பிட்டன்."

"அப்பவே பழுது தெரியுமா?"

"தெரியாம? இந்தக் காருக்குப் பிளஸ் வயர்தான் உடம்போட போற. மாறிப் பூட்டினா முள்ளும் மாறித்தான் காட்டும். குமரியா இரிக்கக்குள்ள வாப்பா எனக்குக் காட்டித் தந்தவர்."

"மாறிக் கிடக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லப்படாதா புள்ள?"

அவள் என் தொப்பியை நேராக்கிவிட்டாள்.

"சொன்னா மாத்திப் பூட்டுவீங்க. மாத்திப் பூட்டினாக் கார் ஓடும். ஓடினா நீங்கதானே ஓட்டுவீங்க?"