பாலைவனக் கச்சேரிக்கு டைப்பிங் பாய் எழுதிய கடிதம்

ஷார்ஜாவில் பெட்ஸ்பேஸில் குடியிருந்தவர்களிலேயே சொந்த லெட்டர்ஹெட் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் டைப்பிங் பாய்தான். பெட்ஸ்பேஸ் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு அறை, அதில் ஆறு கட்டில், அதில் ஒரு கட்டில் நமக்கு. விலாசம் என்று சொல்லிக்கொள்ள பாய்க்கு இருந்தது ஜன்னலோரத்துக் கீழ்க்கட்டில். அந்த விலாசத்தைத்தான் தாளின் தலைப்பில் அரபியிலும் ஆங்கிலத்திலும் நீல மையில் அச்சடித்து வைத்திருந்தார்.

அதிராம்பட்டினத்துக்காரர். ரோலா பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் முப்பது வருஷமாக விசா மனுக்களும் வாடகை ஒப்பந்தங்களும் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கு விசா கொடுத்த கஃபீலுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். உலகத்தில் எந்தக் காரியத்தையும் ஒரு கடிதம் சாதித்துவிடும் என்று அவர் நம்பினார். வாய்ப்பேச்சில் அவருக்கு மரியாதை கிடையாது.

அவருக்கு மேல்கட்டில் என்னுடையது. குடிவந்த மூன்றாம் நாள் என் தலையணை மேல் ஒரு கவர் இருந்தது. உள்ளே கடித எண், தேதி, ‘பொருள்: தங்கள் அலாரம்’. அதிகாலையில் அடிக்கும் என் அலாரத்தை நான் நான்கு முறை அணைத்துவிட்டுத் தூங்குவதால் கீழே ஒருவர் நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது என்று மூன்று பத்திகளில் எழுதியிருந்தார். நான் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் பாய் என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எழுத்துல குடுங்க தம்பி.”

கொடுத்தேன். ஃபைலில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு முறை எங்கள் ஏசிக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டது. அதை அப்புறப்படுத்தச் சொல்லிக் கட்டட வாட்ச்மேனிடம் நாங்கள் ஐந்து பேரும் மாறி மாறிச் சொல்லியும் நடக்கவில்லை. பாய் ஒரு கடிதம் கொடுத்தார். மறுநாள் வாட்ச்மேன் பூனைக்கும் குட்டிகளுக்கும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து மாடிப்படிக்கடியில் குடிவைத்துவிட்டார். இத்தனைக்கும் அந்த வாட்ச்மேனுக்குப் படிக்கத் தெரியாது. அவரை அசைத்தது கடிதத்தின் அடியில் இருந்த வட்ட முத்திரை. பார்த்தால் அரசாங்க முத்திரை போலத் தெரியும். அதில் அரபியில் எழுதியிருந்தது ‘எழுத்துப்பிழை சரிபார்க்கப்பட்டது’ என்பது மட்டுமே.

பாயின் கடிதம் தோற்ற இடம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் அறையிலிருந்த ரத்தினம் அண்ணன் விஷயத்தில். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கட்டுமான கம்பெனியில் டைம்கீப்பர், அதாவது சைட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிகிற வேலை. அவருடைய மனைவியும் மகள் தர்சிகாவும் ஒன்பது வருஷத்துக்கு முன் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே அவரும் போவதாக ஏற்பாடு. அவருடைய பேப்பர் மட்டும் வரவே இல்லை. தூதரகத்துக்கு பாய் எத்தனையோ கடிதம் டைப் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் மறுப்புதான் வந்தது. அந்தக் கோபம் பாய்க்குத் தீரவே இல்லை.

இந்த நிலையில்தான் போன குளிர்காலத்தில் தர்சிகாவிடமிருந்து செய்தி வந்தது. லிவா பக்கம் பாலைவனத்தில் மூன்று நாள் இசைத் திருவிழா, அதில் ஒரு குழுவோடு வயலின் வாசிக்க வருகிறாள். வெள்ளிக்கிழமை வந்திறங்கினால் நேரே மணலுக்கு, ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து நேரே விமானத்துக்கு. ஊருக்குள் வர நேரமில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு பாஸ் அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வயதில் போன பிள்ளை.

ரத்தினம் அண்ணன் அன்று முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தார். மறுநாள் போகவில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு லீவு இல்லை என்றார், முதுகுவலி என்றார், அந்த இசையெல்லாம் தனக்கு விளங்காது என்றார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

“நான் இங்க மனேஜர் எண்டு அவளுக்குச் சொல்லி வச்சிருக்கிறன், பாய். சொந்தக் கார் இருக்கெண்டும் சொல்லிப்போட்டன். கிட்டவா ஒரு நல்ல இடத்தில தங்குங்கோ அப்பா, காலமை வந்து உங்களோட புட்டு சாப்பிடுறன் எண்டு கேட்டிருக்கிறாள். நான் என்னெண்டு போறது?”

தங்குமிடத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. திருவிழாக்காரர்களின் கூடாரங்கள் எல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. அந்த வட்டாரத்தில் இருந்த ஒன்றிரண்டு ஹோட்டல்களிலும் இடமில்லை. இருந்திருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளக்கூடிய வகை ஹோட்டல்கள் அவை. ஷட்டில் பஸ் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும். டாக்ஸிக்காரர்களோ மணல் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாஃபி என்றார்கள், அதாவது முடியாது. நான் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைப்பிங் சென்டருக்குக் கிளம்பிவிட்டார்.

லிவாவில் ஒரு பேரீச்சந்தோட்டம் வைத்திருந்த கிழவருக்கு பாய் பல வருஷமாக ஆவணங்கள் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். அவரை பாய் அர்பாப் என்பார், முதலாளி என்று அர்த்தம். அந்த அர்பாபுக்கு எழுதிய கடிதம் சாயங்காலம் முத்திரையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு ரத்தினம் அண்ணன் கையில் கொடுத்தார்.

“லெட்டர் இருக்கு. இனிமே கவலைப்பட ஒண்ணுமில்ல. யல்லா, கெளம்புங்க.”

அர்பாபுக்கு முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். போனில் சொல்வது அவமரியாதை என்றார். ரத்தினம் அண்ணன் அந்த அரபி எழுத்தை வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. புட்டுக் குழலைத் துடைத்துப் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் புறப்பட்டோம். அபுதாபிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதினத் சாயிதுக்கு ஒரு பஸ். தோட்டம் திருவிழா மைதானத்துக்குப் போகிற வழியில், அதற்குச் சற்று முன்னால், இன்னும் ஒரு மணி நேரப் பயணம். எங்களைக் கடந்துபோன டாக்ஸிகள் ஒன்றும் நிற்கவில்லை. நான் புலம்ப ஆரம்பித்ததும் பாய் எங்களை டாங்கர் லாரிகள் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். அத்தனை ஜனம் கூடுகிற இடத்துக்கு வேறு எது போகாவிட்டாலும் தண்ணீர் போய்த்தானே ஆகவேண்டும் என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாய்ப்பேச்சாகச் சொன்ன ஒரே உருப்படியான யோசனை இது.

மூன்றாவது டாங்கரை ஓட்டியவர் ஒரு பட்டாணியர். பாய் கடிதத்தை உறையோடு ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். டிரைவர் முத்திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டிலிருந்த டிபன் பாத்திரத்தை எடுத்துக் காலடியில் வைத்தார். நானும் ரத்தினம் அண்ணனும் முன்னால் நெருக்கியடித்து உட்கார, டிரைவர் தூங்குகிற பின்பலகையில் பாய் சம்மணமிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அமர்ந்தார். வழியெல்லாம் லாரியின் தண்ணீர் முன்னும் பின்னும் அலம்பிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் வீட்டு உயரத்துக்கு மணல். ரத்தினம் அண்ணன் புட்டுக் குழல் இருந்த பையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார்.

தோட்டத்து வாசலில் அர்பாப் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து பாயைக் கட்டிக்கொண்டார். கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் மஜ்லிஸைத் திறந்துவிட்டார். விருந்தாளிகளை உட்காரவைக்கிற நீளமான அறை. சுவரோரம் முழுக்க மெத்தை, தரையில் கம்பளம், மூலையில் தண்ணீர் சூடாக்கும் அடுப்பு. ஹோட்டல்காரர்கள் பார்த்தால் வெட்கப்பட்டிருப்பார்கள்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு பாய் உள்ளே போயிருந்தபோது, அந்தக் கடிதத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று அர்பாபிடம் உருதுவில் கேட்டேன். அந்தக் காலத்து அரபிகளுக்கு உருது நன்றாக வரும். அவர் தாளை எடுத்து வரி வரியாகச் சொன்னார். சுருக்கமான கடிதம். ‘இதைக் கொண்டுவருபவர் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு தன் மகளைப் பார்க்க வருகிறார். உங்கள் வாசலுக்கு வருகிற விருந்தாளிக்குக் கடிதம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். கையில் ஒரு கடிதம் இல்லாவிட்டால் இவர் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். அதனால் இதை டைப் செய்தேன்.’

இதை நான் ரத்தினம் அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த வாரம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வார். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே புட்டு அவிந்துவிட்டது. தேங்காயைத் துருவியது பாய். பத்து மணிக்குத் திருவிழா வண்டி ஒன்று வந்து நின்றது. ஜீன்ஸ் போட்ட ஒரு உயரமான பெண் இறங்கினாள். ரத்தினம் அண்ணன் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அவள் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தன்னைவிட உயரமாக வளர்ந்திருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்தார்.

மூன்று தட்டுப் புட்டு சாப்பிட்டாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“அப்பா, உங்கட கார் எது?”

வெளியே அர்பாபின் லேண்ட் குரூஸர் நின்றது. ரத்தினம் அண்ணன் அதைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள், தேங்காய்ச் சம்பல் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டிருந்த பாய் முந்திக்கொண்டார்.

“அது அர்பாபோடதும்மா. உங்க வாப்பா தண்ணி லாரில வந்தாரு.”

நான் அடுப்பைப் பார்த்தேன். ரத்தினம் அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த அறையில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாய் ஒருவர்தான். இல்லாததை டைப் அடித்துப் பழக்கமில்லாத மனிதரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

தர்சிகா கையிலிருந்த புட்டைத் தட்டில் வைத்தாள்.

“நானும் பொய்தான் சொன்னனான் அப்பா. நான் அந்தக் குழுவில ஆள் இல்லை. வழமையா வாசிக்கிறவவுக்குச் சுகமில்லை, அவவுக்குப் பதிலா வந்தனான். ஒரே ஒரு பாட்டுக்குத்தான் வாசிக்கிறன்.”

“ஒண்டெண்டாலும் வாசிக்கிறாய்தானே” என்றார் ரத்தினம் அண்ணன். “நான் மனேஜரும் இல்லை, பிள்ளை. டைம்கீப்பர்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். பாய் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார்.

சாயங்காலம் பாஸ் இரண்டுதான் என்பதால் பாய் தன் முழங்காலைக் காரணம் காட்டித் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நானும் ரத்தினம் அண்ணனும் அர்பாபின் வண்டியில் போனோம். வெயில் சாய்கிற நேரத்தில் மணல்மேட்டுக்குக் கீழே மேடை. எதிர்வெளிச்சத்தில் வாசிக்கிறவர்களெல்லாம் நிழலாகத்தான் தெரிந்தார்கள். தர்சிகாவின் பாட்டு வந்ததும் ரத்தினம் அண்ணன் போனை உயர்த்தி முழுப் பாட்டையும் படம் பிடித்தார். படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. பிறகு பார்த்தால் அதில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண். தர்சிகா மேடையின் அந்தக் கோடியில் இருந்திருக்கிறாள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பரவாயில்லை, அந்தப் பிள்ளையின் தகப்பனும் எங்காவது இருப்பான்தானே என்று சொல்லி அதை அழிக்காமல் வைத்துக்கொண்டார்.

மகளோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டும் என்று அவரை விட்டுவிட்டு நான் முன்னால் தோட்டத்துக்குத் திரும்பினேன். அப்போதுதான் இருட்ட ஆரம்பித்திருந்தது. பாய் மஜ்லிஸுக்குள் இல்லை. வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மைதானத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அங்கே வாசிப்பது காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. எப்போது வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். நாங்கள் போனதிலிருந்தே என்றார்.

“புள்ள வாசிச்சது எத்தனாவது பாட்டு தம்பி?”

“ஆறாவது, பாய்.”

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“அப்ப கேட்டுட்டேன்.”

பாலைவனக் குளிர் அவருக்கு ஆகாது. காதோரம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் அர்பாப் கொடுத்திருந்த கம்பளியை எடுத்துவந்து அவருக்குப் போர்த்திவிட்டு, இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.