தங்கலட்சுமிக்கு ஒரு கிளாரினெட்

"மூட்டு வலியா? முதுகு வலியா? இனி நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம்!" என்று கோட்டைச்சாமியின் செல்போன் உச்சக் குரலில் கத்தியது. அருப்புக்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மாடி வார்டு மொத்தமும் விழித்துக்கொண்டது.

நர்ஸ் துர்காதேவி ஓடிவந்தாள். "ஐயா, என்ன செய்யிறீக?"

"கிளாரினெட்டு தேடுறேம்மா. ஊடால விளம்பரம் வந்துருச்சு."

"இங்க எதுக்குக் கிளாரினெட்டு?"

"டாக்டருதான் சொன்னாரு."

டாக்டர் கிளாரினெட் என்று சொல்லவில்லை. கோட்டைச்சாமியின் மனைவி தங்கலட்சுமி பக்கவாதத்தில் விழுந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக் கிடந்தாள். யார் பேசினாலும் திரும்பவில்லை. "அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதையாவது போட்டுக் காட்டுங்க. எதுக்காவது அசையறாங்களான்னு பார்ப்போம்" என்றுதான் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டைச்சாமி திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. எந்த மண்ணில் மிளகாய் வரும், எதில் மல்லி வரும், எந்த ஆடு எப்போது குட்டி போடும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். பெண்டாட்டிக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் அவளைக் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கா?" மகன் வெகுநேரம் யோசித்தான். "நமக்கு என்ன புடிக்குமோ அதானப்பா அம்மாவுக்குப் புடிக்கும்."

போனை வைத்த பிறகு கோட்டைச்சாமிக்கு அவமானமாக இருந்தது. யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. கல்யாண ஊர்வலம். காருக்கு முன்னால் பேண்டு செட்டு. கிளாரினெட்காரர் கார் ஜன்னலை ஒட்டியே வாசித்துக்கொண்டு வந்தார். காருக்குள் தனக்கு இடப்பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தங்கலட்சுமியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அட, கூடவே பாடுகிறாளே என்று கோட்டைச்சாமிக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவளும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கண்கூடக் கலங்கியிருந்தது.

அப்படி ஒரு சிரிப்பை அப்புறம் அவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஆள் மாறிவிட்டாள். எதிரே நின்று பேசினால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதிக்குப் பதிலே வராது. சரியான ராங்கிக்காரி என்று நினைத்துக்கொண்டு அவரும் பேச்சைக் குறைத்தார். சண்டை கிடையாது. சோறு நேரத்துக்கு வந்தது, பிள்ளை வளர்ந்தான், தலை நரைத்தது.

அடுத்துப் போன் எடுத்துக் கொடுத்தது நிஜமான கிளாரினெட்தான். ஏதோ ஒரு ஊர் பேண்டு செட்டு. சத்தத்தைக் குறைக்கும் வித்தை கோட்டைச்சாமிக்குத் தெரியாது. வார்டே அதிர்ந்தது. தங்கலட்சுமியின் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது.

"அசையுது! அசையுது!"

அதற்குள் கடைசிக் கட்டில் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாருப்பா போய்ச் சேந்தது?"

அந்தப் பக்கமெல்லாம் பேண்டு செட்டு கல்யாணத்துக்கும் வரும், கடைசி ஊர்வலத்துக்கும் வரும். வாசிப்பை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது இரண்டாவது ரகம். எதிர்க்கட்டில் அம்மாள் தூக்கக் கலக்கத்தில் தன் வீட்டுக்காரர்தான் போய்விட்டார் என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். "அடியே, இந்தா இருக்கேன்டி" என்று அவர் படுத்தபடியே அதட்ட வேண்டியதாயிற்று.

"இயர்போன் இல்லாம இனி ஒரு சத்தம் வரக்கூடாது" என்றாள் துர்காதேவி.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இயர்போனில் ஒரு பக்கம்தான் பாடியது. தங்கலட்சுமிக்கு இடப்பக்கம் குளுக்கோஸ் ஸ்டாண்டு நின்றதால், பாடுகிற பக்கத்தைத் தான் உட்கார்ந்திருந்த வலப்பக்கத்துக் காதில் மாட்டினார். அதே வாசிப்புதான். கட்டைவிரல் அசையவில்லை.

"ரெக்கார்டிங் சரியில்ல அண்ணாச்சி" என்றது பக்கத்துக் குரல்.

பக்கத்துக் கட்டிலில் அப்பாவுக்குத் துணையிருந்த மாரீஸ்வரன், பந்தல்குடியில் மைக்செட் வைத்திருப்பவன். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் ரெக்கார்டிங் சரியில்லாததுதான் என்பது அவன் கட்சி.

"இது ரோட்டுல எடுத்தது. டிரம்மு கிளாரினெட்ட முழுங்கிருச்சு. நல்ல ரெக்கார்டிங்னா வாசிக்கிற ஆளு மூச்சு இழுக்குறது கேக்கணும். இதப் போடுங்க, கச்சேரி. மிருதங்கம்கூட மரியாதையா ஒதுங்கி நிக்கும்."

போட்டார். அசைவில்லை.

"அப்ப கச்சேரி அக்காவுக்குக் கனம். சினிமாப் பாட்டு மெட்டு, கிளாரினெட்டுலயே வாசிச்சது ஒண்ணு இருக்கு. கேட்டா கல்லும் கரையும்."

கரைந்தது மாரீஸ்வரன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இயர்போனைத் திருப்பிக் கொடுத்தான். தங்கலட்சுமி மின்விசிறியைப் பார்த்தாள்.

"பழைய ரேடியோவுல வந்தது இருக்கு. கொஞ்சம் கொரகொரங்கும், ஆனா உசுரு இருக்கும்."

அந்த உசுரும் அவளைத் தொடவில்லை.

நாள் போகப் போக, மாரீஸ்வரனின் வியாதி கோட்டைச்சாமிக்குத் தொற்றிக்கொண்டது. கிளாரினெட்டுக்கும் பீப்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் வாழ்ந்த மனுஷர், "இதுல கீழ்ச்சத்தம் பத்தல தம்பி" என்று குறை சொன்னார். ஒவ்வொன்றையும் முதலில் தான் கேட்டு, நன்றாக இருப்பதை மட்டும் அவள் காதில் வைத்தார். வைத்துவிட்டு அந்தக் காதோரமே குனிந்து, "லெச்சுமி, இது நல்லாருக்கா? இதுவும் வேண்டாமா?" என்று கேட்டார்.

அவளிடம் இத்தனை தன்மையாக அவர் எதையும் கேட்டதில்லை. காலம் போன காலத்தில் கேட்டால் பதில் சொல்லுவாளா? இப்படியே, தன்மேல் உள்ள கோபத்தோடேயே இவள் போய்விட்டால் என்ன செய்வது?

"எங்கிட்ட சரக்குத் தீந்துருச்சு அண்ணாச்சி" என்றான் மாரீஸ்வரன். "சொந்தக்காரவுக வாட்சப் குரூப்புல கேட்டுப் பாருங்களேன்."

கோட்டைச்சாமி போனை வாயருகே பிடித்துக்கொண்டு பேசினார்.

"கோட்டைச்சாமி பேசுறேன். நம்ம தங்கலட்சுமிக்குக் கிளாரினெட்டு வேணும். மட்டமானது வேண்டாம். அவளுக்கு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. இதையாச்சும் நல்லபடியா செஞ்சிரணும். யாருகிட்ட இருந்தாலும் ஒடனே அனுப்புங்க."

அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டார். அழுகையும் சேர்ந்தே குரூப்புக்குப் போனது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ரோஜா மாலைகளோடு சொந்தபந்தம் இறங்கியது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் சிவப்புச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பேண்டு செட்டு. கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார்.

"இருளப்பசாமி, நரிக்குடி. நல்ல கிளாரினெட்டு வேணும்னு சொல்லிவிட்டீகளாம். இந்த வட்டாரத்துல நம்மள விட்டா ஆள் கெடையாது. பாடி எங்க இருக்கு?"

"யோவ், அவ உசுரோட இருக்காய்யா!"

இருளப்பசாமி சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றினார். கட்டிலையும் கோட்டைச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... கீழ இருக்கவா?"

துர்காதேவி எல்லோரையும் படியில் இறக்கிவிட்டாள். கொண்டுவந்த மாலைகளைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிப் பிள்ளையாருக்குச் சாத்தினார்கள். கடைசியில் பிள்ளையாரின் தும்பிக்கை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அந்தக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினான் தங்கலட்சுமியின் தம்பி ஜெகதீஸ்வரன். அக்கா போய்விட்டாள் என்று கேள்விப்பட்டுத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறியவன். வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் மூச்சுவிடுவதைப் பார்த்ததும், குளுக்கோஸ் ஸ்டாண்டை நகர்த்திவிட்டு இடப்பக்கமாகப் போய், குனிந்து, "யக்கா! ஏ யக்கா! ஜெகதீசு வந்திருக்கேன்க்கா!" என்றான்.

தங்கலட்சுமியின் கண்கள் மின்விசிறியை விட்டு இறங்கின. மெல்ல மெல்லத் திரும்பித் தம்பியிடம் வந்து நின்றன. கடைவாய் துடித்தது. கண்ணீர் வழிந்தது.

"டாக்டர்!" என்று துர்காதேவி ஓடினாள். மாரீஸ்வரன் தன் அப்பாவை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

கோட்டைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே முள் மாதிரி ஒன்று குத்தியது.

"நான் கெடையா கெடந்து கூப்புட்டேன் மாப்ள, திரும்பிப் பாக்கல. ஒன் கொரலுக்குத் திரும்புறா. எம்மேல இன்னும் அம்புட்டுக் கோவம்."

ஜெகதீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் இயர்போனைப் பார்த்தான்.

"இதென்ன மச்சான், இந்தக் காதுல மாட்டி வச்சிருக்கீக? அக்காவுக்கு வலது காது சின்னப் பிள்ளையிலருந்தே கேக்காதுல்ல?"

இயர்போனிலிருந்து கிளாரினெட் மட்டும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேக்காதா?" என்றார் கோட்டைச்சாமி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டு வருசமா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே மாப்ள!"

ஜெகதீஸ்வரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"என்ன மச்சான் இப்பிடிக் கேக்குறீக? மறைக்கச் சொன்னது எங்க அய்யாதான். அக்காவுக்கு மனசு கேக்காம, ஊர்வலக் காருல போகும்போதே ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுச்சாம், நீங்களும் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீகளாம்! 'அம்புட்டையும் கேட்டுட்டு ஒரு வார்த்தை கொறை சொல்லாத மனுசன்'னு இன்னைக்கு வரைக்கும் ஒங்களச் சாமியாட்டம்ல சொல்லிக்கிட்டிருந்துச்சு!"