ஒளியோடு மல்லுக்கு நின்ற எக்ஸ்சேஞ்ச் மாமி

ஒளியின் வேகத்தோடு மல்லுக்கு நின்று, கடைசியில் ஒளியையே சமரசப் பேச்சுக்கு வரவழைத்த ஒருவரை நான் அறிவேன். அவர் விஞ்ஞானி அல்லர். விஞ்ஞானி நான், அந்தச் சண்டையில் தோற்ற கட்சியின் வக்கீலும் நான்தான். அவர் பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக வாழ்ந்த எக்ஸ்சேஞ்ச் மாமி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டோடு அமர்ந்து, பம்பாயை மற்ற ஊர்களோடு இணைத்துக்கொண்டிருந்ததில் அது எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளாகியும் வேலை அவரை விடவில்லை. வாசல் மணியை அழுத்தினால் உள்ளிருந்து “யாரு?” என்று குரல் வராது, “எங்கேந்து பேசறேள்?” என்றுதான் வரும். வருகிறவர்களை, அந்தக் காலத்து டிரங்க் கால்களைப் போலவே, ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகையாகப் பிரித்திருந்தார். பால்காரர் லைட்னிங். சொசைட்டி செக்ரட்டரி குல்கர்ணி எவ்வளவு அவசரமாக வந்தாலும் ஆர்டினரி. காத்திருந்துதான் ஆக வேண்டும். பேச்சு நீண்டால், “மூணு நிமிஷம் ஆயாச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?” என்று குறுக்கே புகுவார். கணவரின் சிராத்தத்தன்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியாரிடமே ஒருமுறை கேட்டுவிட்டாராம். வாத்தியார் திடுக்கிட்டு, மிச்சத்தை அர்ஜென்டில் முடித்தார் என்று கேள்வி.

ஆனால் அவருடைய பழக்கங்களில் ஒன்றை மட்டும் கட்டடத்தில் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, ஏழு வீடுகளில் முதியவர்கள் தனியே இருந்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு மாமி தம் தொலைபேசியிலிருந்து அந்த வீடுகளுக்கு வரிசையாக மணி அடிப்பார். எடுத்து உடனே வைத்துவிட வேண்டும். வைத்தால், ஆள் இருக்கிறார். எடுக்காவிட்டால் மாமி நேரில் வருவார். எல்லா வீட்டு மாற்றுச் சாவிகளும் அவர் சமையலறைச் சுவரில், எண் எழுதிய ஆணிகளில் தொங்கின. எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட் தொடங்கும்போது லைன்களைச் சோதித்துப் பார்ப்பார்களாம். அதே முறை.

என் மனைவி மைதிலியின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லோரும் கிளம்பிப்போன மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. எடுத்து, “ஹலோ” என்றேன்.

“பேசப்படாது, டாக்டர் சார். எடுத்துட்டு வெச்சுடணும். டெஸ்டிங் நடந்துண்டிருக்கு.”

அந்த நாட்களில் என்னை நலம் விசாரித்த அனைவரும் ஒரு பதிலை எதிர்பார்த்தார்கள். மாமி ஒருவர்தான் எதிர்பார்க்கவில்லை. அப்படித்தான் நான் எட்டாவது வீடானேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொலைபேசி நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. செப்புக் கம்பிகள் அகற்றப்படும், இனி இணையத்தின் வழியேதான் பேச்சு, எண் மாறாது, கண்ணாடி இழையும் ஒரு சிறு பெட்டியும் இலவசமாகப் பொருத்தித் தரப்படும். சொசைட்டிக் கூட்டத்தில் எல்லோரும் கையொப்பமிட்டார்கள். மாமி பேனாவைத் தொடவில்லை. குல்கர்ணி என்னைப் பார்த்தார். அணுசக்தி நகரில் முப்பத்தைந்து ஆண்டுகள் இயற்பியல் பார்த்தவன் என்ற தகுதியில் நான் எழுந்தேன். கண்ணாடி இழைக்குள் ஒளி எப்படிச் சுவரில் மோதி மோதிப் பயணம் செய்கிறது, குரல் எப்படி எண்களாகிறது, செம்பு எவ்வளவு பழையது என்பதையெல்லாம் ஏறக்குறைய பத்து நிமிடம் விளக்கினேன். மாமி என்னை இடைமறிக்காமல் கேட்டார். அதிலேயே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

“ரொம்ப நன்னா சொன்னேள். கரண்ட் போனா?”

“பாட்டரி ஏதாவது வைத்துக்கொள்ளலாம்...”

“நான் கேட்டது அதில்லே. கரண்ட் போனா மணி அடிக்குமா, அடிக்காதா?”

“அடிக்காது.”

“செம்புக்கு எக்ஸ்சேஞ்ச்லேந்தே நாப்பத்தெட்டு வோல்ட் வந்துண்டிருக்கு. ஆத்துல கரண்ட் இல்லேன்னாலும் அடிக்கும். சமுத்திரமே பொங்கி வந்தாலும் அடிக்கும். ஒளியை நீங்களே வெச்சுக்கோங்கோ.”

மொபைல்தான் இருக்கிறதே என்று குல்கர்ணி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “மௌசி, மொபைல் ஹை நா?”

“மொபைல் ஆளோட போகும். ஆள் மார்க்கெட்ல இருக்கானா, பாத்ரூம்ல விழுந்து கிடக்கானான்னு அது சொல்லுமோ? இது ஆத்துல அடிக்கும். சாவியை எடுத்துண்டு எங்கே ஓடணும்னு நேக்குத் தெரியணும். டாக்டர் சார், இதை அவருக்கு மராத்தியில சொல்லுங்கோ.”

சொன்னேன். அன்று என் கல்வி பயன்பட்டது அதற்கு மட்டும்தான்.

மற்ற எல்லோரும் மாறினோம். மாமியின் கம்பியை அறுக்க லைன்மேன் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் மாமி படிக்கட்டின் கீழே, கம்பிகள் நுழையும் பெட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஆயி, மேரா ட்யூட்டி ஹை,” என்று கெஞ்சினார் லைன்மேன்.

“மேரா பீ ட்யூட்டி ஹை. தீஸ் சால் கியா. பைட்டோ, காப்பி பியோ.”

மாமியின் முப்பது வருஷ ட்யூட்டிக்கு மரியாதை தந்து அவர் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, வீடு பூட்டியிருந்தது என்று தம் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுப் போவார். நான்காவது முறை வந்தபோது வெட்டும் கருவியைக் கொண்டுவரவே இல்லை. காப்பிக்கு மட்டும்தான் வந்திருந்தார்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை ஆறரைக்கு மின்சாரம் போயிற்று. எட்டு வீட்டுப் பெட்டிகளும் கண்ணை மூடிக்கொண்டன. ஏழு மணிக்கு மாமி தம் செப்புக் கம்பியில் வரிசையாக எட்டு எண்களையும் சுழற்றினார். எட்டையும் யாரும் எடுக்கவில்லை. மின்வெட்டு என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டர் ஊகம் செய்வதில்லை. அவருடைய விதிப்படி, எடுக்காதவர் விழுந்து கிடக்கிறார். ஆக, ஒரே காலையில் எட்டுப் பேர் விழுந்துவிட்டோம்.

எழுபத்தெட்டு வயது மாமி எட்டுச் சாவிகளையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியேறினார். முதல் மாடியில் ஒருவர் ஈரத்துண்டோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டார். எதிர் வீட்டு அம்மாள் பூஜையறையிலிருந்து அலறினார். இரண்டாம் மாடியில் நான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தபோது கதவு தானாகத் திறந்தது.

“இருக்கேளா?”

“இருக்கிறேன், மாமி. கரண்ட்தான் இல்லை.”

“கரண்டைப் பத்தி யார் கேட்டா?” என்றவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

நுரையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பின்னாலேயே ஏறினேன். மூன்றாம் மாடிக்கு நான்கு படிகள் இருக்கையில் மாமி உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. முகம் வெளுத்திருந்தது. கடைசிச் சாவியை என் கையில் திணித்து, “ராகவன்... திறங்கோ... சீக்கிரம்,” என்றார். திறந்தேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ராகவன் கூடத்தின் நடுவே அரைக்கால் சட்டையோடு சிரசாசனத்தில் நின்றிருந்தார். இருநூறு எண்ணி முடிக்காமல் இறங்க முடியாது என்று கால்களை ஆட்டித் தெரிவித்தார். வெளியே வந்து மாமியிடம் சொன்னேன்.

“தலைகீழா இருந்தாலும் இருக்காரோல்லியோ? அது போறும்.”

அவருக்கு மூச்சு திரும்பும்வரை பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக என் மூளைக்கு எட்டாத ஒரு கேள்வி எழுந்தது.

“மாமி, உங்களை யார் கூப்பிடுகிறார்கள்?”

அவர் என்னைப் படிப்பறிவில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “எக்ஸ்சேஞ்சுக்கே ஃபோன் பண்ணி, இருக்கியான்னு யாராவது கேப்பாளா?”

அன்று மாலை மாமி தம் நிபந்தனைகளை அறிவித்தார். ஒன்பது வீட்டுப் பெட்டிகளுக்கும் சொசைட்டி பாட்டரி வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் டாக்டர் சார் வீடு வீடாகப் போய், பிளக்கைப் பிடுங்கி, மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால், ஒளிக்கு ஒரு வாய்ப்புத் தரலாம். குல்கர்ணி எழுதிக் கொடுத்தார். நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: எட்டு வீடும் முடிந்தபின் மாமியை நான் அழைப்பேன், அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும்.

“ஃபோகட்ல, சும்மா, நேக்கெதுக்கு அதெல்லாம்?”

“அப்படியானால் பிளக்கைப் பிடுங்க வேறு ஆளைப் பாருங்கள்.”

மாமியிடம் நான் வென்ற ஒரே விவாதம் அதுதான். தம் மாற்றுச் சாவியை என்னிடம் நீட்டி, “ஏழே காலுக்குப் பண்ணுங்கோ. அதுக்கு முன்னாடி லைன் பிஸியா இருக்கும்,” என்றார்.

கம்பியை அறுக்க ஐந்தாவது முறை வந்த லைன்மேன் தயங்கி நின்றார். மாமி காப்பி ஆற்றியபடியே, “காட் தோ, வெட்டிக்கோ. மூஞ்சியை ஏன் தொங்கப்போட்டுண்டு நிக்கறே? ஜெயிச்சது நான்தான்,” என்றார். லைன்மேனுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் தலையாட்டினார்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் ஏழு மணிக்கு என் தொலைபேசி ஒலிக்கவில்லை. ஏழே காலுக்கு நான் அழைத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்சாரம் இருந்தது, பாட்டரி நிறைந்திருந்தது, இழையில் எந்தக் குறையும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

இரங்கல் கூட்டத்தில் குல்கர்ணி, இனி முதியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு போதும் என்றார்; எல்லோரும் காலையில் ஒரு குட்மார்னிங் பூ அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது. நான் எழுந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக உயர்ந்தது. “ஒரு பூவைப் பார்த்துவிட்டு யாரும் சாவியை எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள். குழுவில் ஏழு பேர் அனுப்பி ஒருவர் அனுப்பாவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. ஏழு சாவிகளையும் என்னிடம் கொடுங்கள்.” உங்களுக்கும் எழுபத்தாறு ஆகிறது, முட்டிவலி வேறு, என்று குல்கர்ணி கனிவாக நினைவூட்டினார். ஆகட்டும் என்றேன். சாவிகள் என் வீட்டுக்கு வந்தன.

ஏழு வீடுகளையும் அழைத்து முடிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் வேறெதையும் யோசிக்க முடிவதில்லை. அப்படியானால், ஒவ்வொரு நாளும் விடிந்தவுடன் பதினோரு நிமிடம், அந்த மனுஷி எங்களைத் தவிர வேறு யாரையும் நினைக்காமல் இருந்திருக்கிறார்.