ரசமட்டம் மாட்டி வைத்த மாமனார்

திண்டுக்கல்லில் ஒரு வீட்டுச் சுவரில் படம் நேராகத் தொங்கினால், அது ரசமட்டம் அண்ணன் கை பட்ட படமாகத்தான் இருக்கும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். “ஊருக்கு நடுவுல நிக்கிற மலையே ஒரு பக்கமாச் சாஞ்சுதான் கெடக்கு சார். என்ன செய்ய, அதுக்கு என் கை எட்டல” என்று ஒருநாள் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கொத்தனார்கள் கட்டுவேலையில் மட்டம் பார்க்க ஒரு கட்டை வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடுமே, அதற்குப் பெயர்தான் ரசமட்டம். அதில் கையடக்கமான ஒன்றை அண்ணன் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட “ரசமட்டம் வீடு எதுங்க?” என்றுதான் கேட்பார்.

வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து பழகிய கால், ஓய்வு கொடுத்தால் மட்டும் நின்றுவிடுமா? அப்போது மீட்டரைப் பார்க்க நுழைந்தார். இப்போது படங்களைப் பார்க்க நுழைகிறார். கதவு திறந்திருந்தால் போதும், உள்ளே வந்து ஒரு கண்ணை மூடி, சுவரைப் பார்த்து, “ச்சே” என்பார். அதன் பிறகு ஸ்டூல் எடுத்துக் கொடுக்காத வீடு நிம்மதியாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் வேறு உண்டு. படத்தின் சட்டம் மேலே கீழே இருக்கலாம், ஆனால் படத்தில் இருப்பவர்களின் கண்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். “ஒருத்தரை ஒருத்தர் குனிஞ்சு பாத்தா அந்த வீட்டுல சண்டை நிக்காது சார்” என்பார். பக்கத்து வீட்டில் தாத்தா படத்தையும் தினசரி காலண்டரில் சிரிக்கிற பாப்பாவையும் கண்ணுக்குக் கண் சேர்த்து மாட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டு அக்கா இன்றைக்கும் ராகுகாலம் பார்க்க நாற்காலி போட்டு ஏறுகிறார்.

வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரர் தவறிப்போனபோது, காரியத்தன்று கூட்டம் அழுதுகொண்டிருக்கிறது. அண்ணன் மெதுவாக எழுந்தார். இறந்தவரின் புதுப் படத்தருகே போய் ரசமட்டத்தை வைத்தார். “வலது பக்கம் எறங்கியிருக்கு. யாராச்சும் ஒரு அட்டைத்துண்டு குடுங்க” என்றார். மூலையில் சுருண்டு கிடந்த அந்த வீட்டம்மா தலையைத் தூக்கி, “விடுங்கண்ணே. உசுரோட இருந்தப்பவே அந்த மனுசன் பொழுதடைஞ்சா நேரா நின்னதில்ல. இப்ப மட்டும் எதுக்கு?” என்றாரே பார்க்கலாம். ஒப்பாரி வைத்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என் வீட்டுக்கு வருவோம். நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். என் மனைவி செல்வி வடமதுரைப் பக்கம் தோட்டக்கார வீட்டுப் பெண், முருகனைக் கும்பிடுகிறவள். கல்யாணம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடிவந்ததும் முதலில் நுழைந்தவர் ரசமட்டம்தான். திரு இருதய ஆண்டவர் படத்தையும் பழனி முருகன் படத்தையும் பார்த்தார். ஆண்டவர் மார்பளவுப் படம். முருகன் வேலோடும் மயிலோடும் முழுசாக நிற்கிற படம். “சாமிகளுக்குள்ள ஏத்த எறக்கம் வச்சா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும்ல அடிச்சுக்குவீங்க?” என்று இருவர் கண்ணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதில் மயில் வந்து சுவிட்ச் போர்டு மேல் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஃபேன் போட வேண்டுமென்றால், மயிலை லேசாகத் தூக்கிக் கையை உள்ளே விட வேண்டும்.

செல்வியின் அப்பா எங்கள் கல்யாணத்தன்று, மகள் செத்துவிட்டாள் என்று ஊரறியக் கிணற்றில் இறங்கித் தலைமுழுகியவர். அதோடு பேச்சு நின்றது. செல்வி மட்டும் சித்தி மகன் செல்போனில் எடுத்த அப்பா படம் ஒன்றை வாங்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு வைத்திருந்தாள். டி.வி.க்கு மேலே அது தொங்கியது. எதிர்ச்சுவரில், இறந்துபோன என் அப்பாவும் அம்மாவும். அவர்கள் படங்களுக்குச் சந்தன மாலை, மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

போன வருஷம் எங்கள் மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயம். மாமனாரிடமிருந்து போன். “ஞாயித்துக்கெழம வாரேன். பேத்தியப் பாக்கணும்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். செல்வி போனைக் கையில் பிடித்தபடியே அழுதாள். பிறகு வீட்டை மூன்று முறை கழுவினாள்.

செய்தி கேட்டு ரசமட்டமும் வந்தார். டி.வி.க்கு மேலே இருந்த மாமனாரை ஒரு கண்ணால் பார்த்தார். “ஒங்க மாமனார் கண்ணு எதிர்ச் செவுத்துல இருக்குற ஒங்கப்பா கண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல போகுது. குனிஞ்சு பாக்குறாரு சார். நல்லால்ல.”

“அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

“நான் எதுக்கு வைக்கப்போறேன்?” என்றார். அவர் கை சட்டைப் பைக்குப் போனதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய். பைக்கில் ஏறியதும் முதல் பேச்சே, “செத்த நேரந்தான். பிள்ளையப் பாத்துட்டுக் கெளம்பிருவேன். கை நனைக்க மாட்டேன்” என்பதுதான். ஒரு வீட்டில் சாப்பிடாமல் போனால் உறவு ஒட்டவில்லை என்று அர்த்தம். செல்வியோ விடியலிலிருந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் வண்டி நின்றது. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கவாசல் வழியாக ஓடிவந்தாள். அப்பாவின் கழுத்தில் போட்டு வரவேற்க ஒரு ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தோம். “மாலை எங்கங்க? டீப்பாய் மேலதான வச்சேன்?” என்று என் காதில் பதறினாள். நாங்கள் தேடுவதற்குள் மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். போனவர் நடு ஹாலில் அப்படியே நின்றார்.

எதிர்ச்சுவரில் இடது பக்கம் என் அப்பா. வலது பக்கம் என் அம்மா. நடுவில் மாமனார். கழுத்தில் எங்கள் ரோஜா மாலை. தலைக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது.

ஸ்டூல் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு ரசமட்டம். மிக்ஸி ஓடிய சத்தத்தில் செல்விக்குச் சுத்தியல் சத்தம் கேட்கவில்லையாம். “வாங்க சார், இப்பத்தான் மட்டம் சேந்துச்சு. மூணு பேரு கண்ணும் ஒரே கோடு. ரெண்டு பக்கமும் மாலை இருக்கு, நடுவுல மட்டும் மொட்டையா இருந்துச்சா, பாக்கச் சகிக்கல. இங்க கெடந்த மாலையப் போட்டுவிட்டேன். ரோசாப்பூ கனத்துல ஐயாதான் லேசா எடப்பக்கம் சாயுறாரு.”

திரும்பினார். கீழே நிற்கிறவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. “கண்ணு உசரம் சரியாத்தான் இருக்கு” என்றார்.

“யப்பா, சத்தியமா நான் போடலப்பா! நான் போடலப்பா!” என்று செல்வி கதறினாள். குழந்தையும் சேர்ந்து வீறிட்டது. மாமனார் வாசல் பக்கம் திரும்பினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ரசமட்டத்தை அதே ஆணியில் மாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமனார் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனால், மனிதர் சிரிக்கிறார்! கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறார்.

“ஏத்தா, நீ உசுரோட இருக்கையிலேயே ஒனக்குத் தலமுழுகுனவன் நானு. அன்னைக்கு நான் ஒனக்கு ஒத்தப் பூக்கூட எடுத்து வைக்கல. நீ எனக்கு இம்புட்டுப் பெரிய மாலை போட்டு, லைட்டும் போட்டு வச்சிருக்கியேத்தா” என்றார். பாதியிலேயே சிரிப்பு நின்று, குரல் உடைந்தது. செல்வி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செத்த நேரம் கழித்து மாமனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “யோவ், அந்த மாலையக் கழட்டுமய்யா. எனக்கு இங்க மூச்சு முட்டுது.”

அண்ணன் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று பார்த்தார். நேரே வந்து மாமனாரின் கழுத்தில் போட்டார். இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, மறுபடி வந்து இடப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டார். “இப்ப நேரா இருக்கு” என்றார்.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமனார் மகளின் தலையைத் தடவி, “சோத்துக்கு வெஞ்சனம் என்னத்தா வச்சிருக்க?” என்று கேட்டார். செல்வி அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தில் மயில் படமே ஆடியது.

இப்போது ரசமட்டம் அண்ணன் எங்கள் தெருவில் இல்லை. மகனோடு சென்னையில், வாடகை வீட்டில். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. “நாலு செவுரும் வெறும் செவுரா நிக்குது சார். எங்கிட்டுப் பாக்குறதுன்னே தெரியல” என்று வீடியோ காலில் சொன்னபோது அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவார். சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார். “போனைச் செவுத்துப் பக்கம் திருப்புங்க” என்பார். எல்லாம் நேராக இருந்தால், “ம்ம், சரியாத்தான் இருக்கு” என்று சுரத்தில்லாமல் வைத்துவிடுவார்.

இதை முதலில் கவனித்தவர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கை நனைக்க வருகிற என் மாமனார்தான். அவர் படம் டி.வி.க்கு மேலே பழைய ஆணிக்கே திரும்பி வந்துவிட்டது. சாயங்காலம் காபியைக் குடித்துவிட்டு அதை அண்ணாந்து பார்ப்பார்.

“மாப்ள, அந்த மனுசன் கூப்புடுற நேரமாச்சு. என்னையச் செத்த சாச்சு வைங்க. பாவம், திருத்துறதுக்கு அவருக்கும் ஒண்ணு வேணும்ல?”

நான் எழுந்து போய், மாமனாரை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன்.