வெடி பாவாவின் மொட்டை டயர்

முருகன் கோபம் தணிந்து வந்து அமர்ந்த மலை என்பதால்தான் ஊருக்குத் திருத்தணி என்று பெயர். அவர் இறக்கி வைத்த கோபம் எங்கே போயிற்று என்று யாரும் விசாரித்ததில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அதற்கு வெடி பாவா என்று பெயர்.

வீட்டுக்காரர் அவர்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி எடுத்து வந்து பஜாரில் மொத்த வியாபாரம். தெருவே அவரைத் தெலுங்கில் மாமன் முறை வைத்து 'பாவா' என்று கூப்பிடும். ஆள் இல்லாதபோது முன்னால் ஒரு 'வெடி' சேர்ந்துகொள்ளும். பால் தண்ணீராக இருந்தால் பால்காரருக்குத் திட்டு. நன்றாக இருந்தாலும் திட்டு. "இன்னிக்கு மட்டும் எப்பிடிய்யா நல்லா கீது? அப்போ நேத்து இன்னா ஊத்துன?"

இந்த மனிதருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் பைத்தியம் பிடித்தது. பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, அதற்கு ரேஸ் டயர் போட்டே தீருவேன் என்று கிளம்பினார். ரேஸ் மைதானத்துக்கென்றே செய்து, ரோட்டிலும் ஓட்டலாம் என்ற அனுமதியோடு விற்கிற டயர். இவர் ஓட்டப்போவது வீட்டிலிருந்து பஜார் வரை.

அரக்கோணம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த ரபீக் பாய், பாவாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த ரகத்திலேயே இரண்டைக் காட்டினார். ஒன்றில் பேருக்கு இரண்டு கோடு, மற்றபடி வழவழ. இன்னொன்றில் தண்ணீர் வெளியேறக் கொஞ்சம் கூடுதலான வெட்டுகள்.

"இத எடுத்துக்க பாவா. காஞ்ச ரோட்ல புடிப்பு ஒரு சிட்டிக கம்மிதான். ஆனா மழையில புடிக்கும்."

"டயர்ல இத்தினி கோடு எதுக்குய்யா? நாலு கோடு நோட்டா இது?"

"திருத்தணில மொட்ட போடறது தலைக்குத்தான் பாவா, டயருக்கு இல்ல."

பாவாவின் முகம் சிவந்துவிட்டது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மணவூர்ப் பக்கம் ஒரு லேஅவுட். தார் ரோடு போட்டிருந்தார்கள், ஒருவரும் வீடு கட்டவில்லை. அதன் சொந்தக்காரரிடம் பாவா அனுமதி வாங்கிய விதத்தை மிரட்டல் என்றுதான் சொல்ல வேண்டும். வளைவுகளுக்கு அடையாளம் லுங்கிக் கட்டுகள். பக்கத்து சீட்டில், சாட்சியாக, நான். வீட்டுக்காரர் கூப்பிட்டால் குடித்தனக்காரன் என்ன சொல்ல முடியும்?

முதலில் காய்ந்த ரோடு. மொட்டை டயர் தொடக்கத்தில் முரண்டு பிடித்தது. சூடேறியதும் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். பிரேக் போட்ட இடத்தில் வண்டி நின்றது. என் காலை இட்லி மட்டும் முன்னேறிப் போயிற்று. ரபீக் பாய் சொன்ன டயரை மாட்டி ஓட்டியபோது, அதுவும் நன்றாகத்தான் வளைந்தது. நிற்க மட்டும் கொஞ்சம் கூடுதல் தூரம் எடுத்தது.

"பாத்தியா! பாத்தியாய்யா!" ஜெயித்த மனிதர் சிரிப்பார் இல்லையா? இவர் கத்தினார்.

"ஆங், பாத்தேன். ஈரத்துல பாப்போம் வா" என்றார் ரபீக் பாய்.

தண்ணி லாரி வந்து ரோட்டை நனைத்தது. ரபீக் பாயின் டயர் தண்ணீரைச் சீறி அடித்துக்கொண்டு, லேசாக வழுக்கினாலும் ஒழுங்காகச் சுற்றி வந்துவிட்டது. அடுத்து மொட்டை. தேங்கிய தண்ணீர்மேல் ஏறியதும் ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. லுங்கிக் கட்டுகளைச் சிதறடித்துக்கொண்டு போய், தண்ணி லாரியின் மூக்கை உரசாத குறையாக நின்றோம்.

நான் உயிரோடு இருக்கிறேனா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவா இறங்கி நேராக லாரி டிரைவரிடம் போனார்.

"இன்னாய்யா தண்ணி இது? வழுக்குது!"

"தண்ணின்னா வழுக்காதா சார்?"

"மழத் தண்ணி வேற, லாரித் தண்ணி வேறய்யா!"

ரபீக் பாய் சிரித்துவிட்டார். அதோடு போயிற்று நட்பு. பாவா அந்த மொட்டை டயரையே போட்டுக்கொண்டு திரிந்தார். மற்றதை ரபீக் பாய் தன் சொந்தக் காருக்கு மாட்டிக்கொண்டார். அதன்பிறகு அவர் பெயரைச் சொன்னவர்களுக்கும் பாவாவிடம் திட்டுதான்.

ஐப்பசி மழையில், டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. மத்தியானம். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ரோடெல்லாம் தண்ணீர். ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். ஆம்புலன்ஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. கீழே ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"பாவா, வண்டி எடுங்க. அவளுக்கு வலி வந்துடுச்சு."

அவர் மழையைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தார்.

"என் வண்டி வராது."

"பாவா!"

"வராதுன்றேன்ல! போ மேல!" கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவை உதைத்தேன். ஊரில் யாரும் அவரைத் திருப்பித் திட்டத் துணியாத வார்த்தைகள் அத்தனையையும் அந்தக் கதவிடம் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "அவர அப்புறமா திட்டலாம், வேற வண்டியப் பாருங்க" என்று அழுதாள்.

அப்போது உள்ளேயிருந்து என்னைவிடப் பெரிய சத்தம். போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"யோவ் ரபீக்கு! ஆங், நான்தான்! உன் டயர்தான்யா நல்ல டயரு, ஒத்துக்கினேன், போதுமா? மேல் வீட்டுப் பொண்ணுக்கு வலி. என் வண்டில ஏத்துனா அன்னிக்கு லேஅவுட்ல ஆனதுதான் ஆவும். சிரிச்சிக்கினு நிக்காத, வண்டிய எடுத்துகினு வா!"

ரபீக் பாய் வந்தார். பாவா அழைக்காமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். "மெதுவா போய்யா, புள்ளத்தாச்சி கீது!" என்பார். மறுநிமிடமே, "இன்னாய்யா ஊர்ற, வலில துடிக்குது!" என்பார். ரபீக் பாய் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வண்டி ஓரிடத்திலும் வழுக்கவில்லை.

பெண் குழந்தை. பாவா தள்ளி நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, இத்துணூண்டு கீது? பொண்டாட்டிக்கு ஒழுங்கா சோறு போட்டியா இல்லியா?" என்று வார்டே அதிரக் கத்தினார். நர்ஸ் அவரை வெளியே அனுப்பினார்.

இப்போது நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மழை பிடித்தால் போன் வரும். "நைனா, மழ பேஞ்சுகினு கீது, எங்கயும் சுத்தாத. டயரப் பாத்தியா? நீ எங்க பாக்கப் போற!" காது கிழியும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

மழை பெய்தும் போன் வராத நாளில், நானே கூப்பிட்டுத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.