கண்மணி படத்துக்குப் பின்னால் எழுதியது

செராங்கூன் கார்டன்ஸ்,
சிங்கப்பூர்.
14 செப்டம்பர் 1962

ஈப்போவில் இருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் அழகப்பன் அவர்களுக்கு, சேதுபதி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று பார்க்கிறாள், ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

என் மகள் கண்மணியைப் படம் பிடித்து உங்கள் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தாங்கள் கேமரா கொடுத்துவிட்டீர்கள் அல்லவா? சுருளில் பன்னிரண்டு படம். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கொண்டை வைத்த வெள்ளைக்கிளி ஒன்று நம் ரம்புத்தான் மரத்தில் வந்து உட்கார்ந்தது. எந்தத் துரை வீட்டிலிருந்து தப்பியதோ, காலில் அறுந்த சங்கிலி. சும்மா விடுவேனா? மரத்தில் ஒன்று, வேலியில் ஒன்று என்று பதினொன்று போயிடுச்சு. மிச்சம் ஒன்றில்தான் பெண்.

அது போகட்டும். துறைமுகக் கிடங்கில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், எதற்கும் பின்னால் விவரம் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. படங்களை மேசையில் கவிழ்த்துப் போட்டு வரிசையா எழுதினேன் பாருங்க, அங்கதான் சனி பிடிச்சுது. கிளிக்குச் சொந்தக்காரன் பார்க்கட்டும், கடைச் சுவரில் ஒட்டுங்கள் என்று ஒரு படத்தை மளிகைக்கடை அப்துல் அஜீஸிடம் கொடுத்திருந்தேன். இன்னிக்கு வந்து நிக்கிறார்: “பசை தடவலாம்னு திருப்பினேன். கிளி ரோகிணி நட்சத்திரம், சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்னு போட்டிருக்கே லா?” அப்படின்னா திங்கட்கிழமை தபாலில் போன கண்மணி படத்துக்குப் பின்னாடி? “சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தது. நன்றாகப் பேசும், மலாய் மொழியில் ஏசும். விரலை நீட்டினால் கடிக்கும்.” ஐயோ மச்சான், பெத்த அப்பன் எழுதுற விவரமா இது? ஏற்கனவே மூணு வரன் தட்டிப்போச்சு. இதுவும் போனா அந்தப் புள்ள முகத்துல எப்படி முழிப்பேன்? தந்தி அடிக்கலாம்னா, யாரோ செத்துட்டாங்கன்னு உங்க வீட்ல பிரிக்கிறதுக்கு முன்னாடியே அழுவாங்க. ஆகவே இக்கடிதம் கண்டதும் ஓடிப்போய், மாப்பிள்ளை கண்ணில் படுமுன் அந்தப் படத்தைக் கைப்பற்றவும்.

தாங்களும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க செராங்கூன் ரோடு காளியம்மாளை வேண்டும்,
சேதுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மாப்பிள்ளையிடமிருந்தே கடிதம். “இதுவரை வந்த எல்லாப் படத்திலும் அடக்கமானவள், அதிர்ந்து பேசமாட்டாள் என்றே எழுதியிருந்தது. உண்மையை எழுதிய அப்பா நீங்கள் ஒருவர்தான். சம்மதம். விரலை நீட்டாமல் பழகிக்கொள்கிறேன்.” ஆகையால் தாங்கள் எங்கும் போக வேண்டாம். விவரம் மாறிப்போச்சும்மா என்று கண்மணியிடம் ஒப்புக்கொண்டேன். “தெரியும்பா. படிச்சுப் பார்த்துட்டுத்தான் நான் உறையில போட்டேன். மூணு இடத்துக்கு அடக்கமானவள்னு எழுதினீங்களே, என்ன ஆச்சு?” என்கிறாள்.